சி-யா, பைத்தானா, ரஸ்ட்டா: மோட்டார் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமுக்கு எது வேண்டும்?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எம்பெடட் சாஃப்ட்வேர் வேலைக்குப் போக ஆசை. பாடத்தில் 8051 சிப்பின் அசெம்பிளி மொழி மட்டும் நடத்தினார்கள். சீனியர் ஒருவர் சி மொழி போதும் என்கிறார். இன்னொருவர் இனிமேல் எல்லாம் ரஸ்ட்தான் என்கிறார். வீடியோக்களைப் பார்த்தால் பைத்தான். எதைப் படிப்பது? என்ன கருவிகள் வாங்குவது? பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, அது போதுமா?"

கஞ்சிக்கோட்டில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஓடும் எம்பெடட் புரோகிராம், எழுதிப் பிழைப்பவன் நான். ஆகவே என் பதில் அந்தப் பெட்டியின் பக்கமிருந்துதான் வரும். கார் நிறுவனத்திலோ விண்வெளித் துறையிலோ இருப்பவர் சில இடங்களில் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முதல் கேள்விக்கு விடை: சி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சி தெரிந்தவர்கள் ஏராளம். எழுதியது ஓடாதபோது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சம்பளம் அவர்களுக்குத்தான். அதனால் மொழிக்குச் செலவிடும் நேரத்துக்குக் குறையாமல் கருவிகளோடு பழகுவதற்கும் செலவிடுங்கள்.

ஏன் சி என்று பார்ப்போம். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துத் தென்னந்தோப்புகளில் போர்வெல் மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். மூன்று ஃபேஸும் வருகிறதா, வோல்டேஜ் போதுமா, குழாயில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்து அது மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். சிம் கார்டு போட்ட பெட்டியானால் செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பும். இதற்கெல்லாம் ஒரு சிறிய சிப் போதும். கற்பவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் பார்க்கும் ஏடிமெகா328பி சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: புரோகிராமுக்கு 32 கிலோபைட் ஃப்ளாஷ், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் ரேம். நீங்கள் படித்த 8051 இன்னும் சிறியது. 1980-இல் இன்டெல் அதை வெளியிட்டபோது உள்ளேயிருந்த ரேம் 128 பைட். இவ்வளவு சிறிய இடத்தில், எந்த பைட் எங்கே இருக்கிறது என்று நம் கையில் பிடி இருக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி அந்தப் பிடியைக் கொடுக்கிறது. சிப் தயாரிப்பவர் யாராக இருந்தாலும், சி-யில் எழுதியதை அந்த சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அநேகமாக முதல் நாளே கிடைத்துவிடும்.

இடம் எவ்வளவு நெருக்கடியானது என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம். "மோட்டார்" என்ற சொல்லை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தால் 24 பைட். எட்டுக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "தண்ணீர் இல்லை, மோட்டார் நிறுத்தப்பட்டது" என்பது போன்ற செய்திகளைத் தமிழிலோ மலையாளத்திலோ அனுப்ப ஆசைப்பட்டு, இடைவெளிகள் நீங்கலாக 70 குறியீடுகள் கொண்ட பத்துச் செய்திகளை எழுதி வைத்தால் 2,100 பைட் ஆகிவிடும். இந்த சிப்பில் சாதாரணமாக எழுதும் சொற்றொடர்கள் எல்லாம் புரோகிராம் தொடங்கும்போதே ரேமுக்குள் நகலெடுக்கப்படும். ரேம் 2,048 பைட்தான். செய்திகளே மொத்தத்தையும் விழுங்கிவிடும், மோட்டாரைப் பார்க்க இடம் இல்லை. சொற்றொடர்களை ஃப்ளாஷிலேயே விட்டுவைத்து, வேண்டும்போது எடுத்துப் படிக்கச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழி தேவை என்று தெரிவதற்கே ரேம், ஃப்ளாஷ் வேறுபாடு மனத்தில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் 8051 அசெம்பிளி வீண் போகவில்லை, தம்பி. அந்தப் பாடத்தில் கிடைத்தது இந்த அறிவுதான்.

சி-யில் எங்கெங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூவில் கேட்பார்கள் என்பதற்காக இல்லை. தோப்பில் வந்து நிற்கும் புகார்களில் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒன்று, எண்ணின் அகலம். ஏடிமெகாவில் சாதாரண இன்ட் என்பது 16 பிட், அதிகபட்சம் 32,767. மில்லிசெகண்டில் நேரத்தை அதில் எண்ணினால் 33 செகண்டுக்குள் அளவு தாண்டி, பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகப் புரண்டுவிடும். அதே வரியை எஸ்டிஎம்32 போன்ற 32 பிட் சிப்பில் போட்டால் ஒழுங்காக ஓடும். "அந்த போர்டில் ஓடியதே" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். எத்தனை பிட் என்று பெயரிலேயே சொல்லிவிடும் எண் வகைகள் 1999-ஆம் ஆண்டின் சி தரத்திலேயே வந்துவிட்டன. அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

சரி, 32 பிட் எடுத்தால் தப்பித்தோமா? மில்லிசெகண்ட் எண்ணிக்கை 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். "இப்போதைய நேரம் இலக்கு நேரத்தைவிடப் பெரியதா" என்று ஒப்பிடும் பெட்டி அந்த நாளில் கிறுக்குத்தனம் செய்யும். "இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் எவ்வளவு" என்று குறியில்லா எண்களில் கணக்குப் போட்டால், நடுவில் பூஜ்யம் வந்தாலும் விடை சரியாக இருக்கும். ஒரு வரி வித்தியாசம்தான். ஆய்வகத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் வெளியே தெரியாது.

அடுத்தது வோலடைல் என்ற சொல். இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்து மாற்றும் ஒரு மாறியை முதன்மை வளையம் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். வளையத்துக்குள் அதை யாரும் மாற்றவில்லையே என்று கம்பைலர் முடிவு கட்டி, ஒருமுறை படித்த மதிப்பையே வைத்துக்கொள்ளும். கம்பைலர் புரோகிராமைச் சுருக்கி வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஏற்றினால் ஓடும், போட்டு ஏற்றினால் நிற்கும். பலர் கம்பைலரைத் திட்டுவார்கள். கம்பைலர் செய்தது சரி, இந்த மாறி வெளியிலிருந்தும் மாறும் என்று வோலடைல் போட்டுச் சொல்லாதது நம் தவறு.

இன்னொன்று எங்கள் ஊர் வகை. மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது எல்லாத் தோப்பு மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் விழுந்து எல்லாமே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு தற்செயலான இடைவெளி விட்டுக் கிளம்ப வேண்டும் என்று எழுதுவார்கள். தற்செயல் எண் தரும் சி-யின் ராண்ட் செயல்பாட்டுக்குத் தொடக்கமாக ஒரு விதை எண் கொடுக்காமல் விட்டால் எப்போதும் ஒரே வரிசையைத்தான் தரும். ஒரே ஃபர்ம்வேர் ஏற்றிய அத்தனை பெட்டிகளும் ஒரே "தற்செயலான" நொடியில் சேர்ந்து கிளம்பும்! பெட்டியின் வரிசை எண்ணையே விதையாகக் கொடுத்தால் தீர்ந்தது.

மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராம் பற்றியும் ஒரு சொல். ஏடிமெகாவில் அதற்கு உத்தரவாதம் ஒரு லட்சம் முறை எழுதும் வரைதான். மோட்டார் ஓடிய நேரத்தை ஒரே இடத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் 70 நாளுக்குள் அந்த எல்லை வந்துவிடும். விற்ற பெட்டிகள் மூன்றாம் மாதம் திரும்பி வரத் தொடங்கும்.

இப்படிப்பட்ட குழிகளை முன்கூட்டியே அடைக்கத்தான் கார்த் துறைக்காரர்கள் 1998-இல் மிஸ்ரா சி விதிகளை வெளியிட்டார்கள். எல்லா விதியும் எல்லாருக்கும் தேவையில்லை. ஆனால் சிபிபிசெக் போன்ற இலவச ஆய்வுக் கருவியை ஒவ்வொரு முறையும் ஓட்டுவதும், கம்பைலரின் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் திறந்து வைத்து ஒன்றுகூட மிஞ்சாமல் தீர்ப்பதும் முதல் நாளிலிருந்தே வர வேண்டிய பழக்கம்.

மற்ற மொழிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆர்டுயினோவில் எழுதுவதே சி பிளஸ் பிளஸ்தான், பலருக்கு அது தெரியாது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவர்களுக்காகத் தொடங்கியது ஆர்டுயினோ. கற்கவும் மாதிரி செய்யவும் அருமை. ஆனால் எல்லாவற்றையும் மூடி மறைத்துக் கொடுப்பதால், மூடியைத் திறந்து பார்க்காதவர் அங்கேயே தங்கிவிடுவார். பெரிய திட்டங்களில் சி பிளஸ் பிளஸ் நல்ல மொழி. எக்ஸெப்ஷன் (பிழை வந்தால் வேறு இடத்துக்குத் தாவும் வசதி), ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்குவது ஆகியவற்றைத் தவிர்த்து எழுதுவார்கள்.

மைக்ரோபைத்தான், டேமியன் ஜார்ஜ் 2013-இல் மக்களிடம் நிதி திரட்டி உருவாக்கியது. ஒரு புதிய சென்சார் வந்தால் அரை மணியில் அதனோடு பேசிப் பார்க்க இதைவிட நல்லது இல்லை. தயாரிப்புக்குள் வைக்க நான் தயங்குவேன். பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் திரட்டும்போது அது எப்போது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று நமக்கு உறுதி இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் சாதாரணப் பைத்தான் வேறு கதை. பெட்டியை சீரியல் போர்ட்டில் இணைத்து, இரவு முழுக்கக் கட்டளை அனுப்பிச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் எழுத அது கட்டாயம் வேண்டும். தயாரிப்புக்கூடத்தில் பைத்தானுக்கு இடம் அங்கேதான்.

ரஸ்ட்டை நான் மதிக்கிறேன். 2015-இல் அதன் 1.0 வந்தது. சி-யில் நாம் ஓடவிட்டுக் கண்டுபிடிக்கும் நினைவகப் பிழைகளில் பெரும்பகுதியை அது கம்பைல் ஆகும்போதே தடுத்துவிடுகிறது. பாதுகாப்பு முக்கியமான துறைகளுக்கென்று தகுதிச் சான்று பெற்ற ஃபெர்ரோசீன் கம்பைலரும் 2023-இல் வந்துவிட்டது. இருந்தும் அதை இரண்டாவதாகப் படியுங்கள். நினைவக முகவரியைக் காட்டும் பாயிண்டரால் ஒருமுறையாவது அடிபட்டவருக்குத்தான் ரஸ்ட் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பது புரியும். அதோடு, நம் பக்கத்துச் சிறு ஆலைகளில் கையில் இருக்கும் பழைய புரோகிராம் எல்லாம் சி-யில்தான் கிடக்கிறது. உங்கள் முதல் வேலை அதைத் திருத்துவதாகவே இருக்கும்.

கண்டிப்பான மொழி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 1996 ஜூன் 4-ஆம் தேதி அரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. அதன் மென்பொருள் அடா என்ற மிகக் கண்டிப்பான மொழியில் எழுதப்பட்டது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் அளவு தாண்டியது. அந்தப் பகுதி அரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்து வந்தது. புதிய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் பெரிதாகும் என்று யாரும் மறுபடி சோதிக்கவில்லை.

அடாவுக்கு நம் கேரளத்திலேயே இடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், சண்டிகரின் செமிகண்டக்டர் ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கிய விக்ரம்3201 பிராசசர் 2025-இல் வெளியானது. சிப் வந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது நல்ல சாட்சி. அதன் கட்டளைத் தொகுப்பு இஸ்ரோவுக்கே உரியது என்பதால் அடா கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாவற்றையும் அவர்களே எழுத வேண்டியிருந்தது. வெளியிட்ட நேரத்தில் அதற்கான சி கம்பைலர் தயாராகிக்கொண்டிருந்தது. அதே ஊரில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய வேகா பிராசசர்கள் வேறு வழியில் போயின. அவை ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்தவை. உலகமே சேர்ந்து வளர்க்கும் ஜிசிசி கம்பைலரும் ஜிடிபி என்ற பிழை தேடும் டீபக்கரும் அவற்றுக்குக் கிடைத்துவிடுகின்றன. சிப் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலுக்கு முன் கருவிகளைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கருவிகளுக்கு வருவோம். கம்பைலர் ஜிசிசி போதும். கெயில், ஐஏஆர் போன்ற விலைக்கு வாங்குபவை நிறுவனத்தில் இருந்தால் பழகிக்கொள்ளலாம். எந்த எடிட்டர் என்று சண்டை போடுவது வீண். புரோகிராமின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) மட்டும் முதல் வரியிலிருந்தே வேண்டும். "போன மாதம் ஓடிய வெர்ஷன் எங்கே" என்று கேட்டால் பென் டிரைவில் தேடுகிற ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

யாரும் சொல்லித்தராத கருவி மேப் கோப்பு. புரோகிராமின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஒவ்வொரு முறையும் எழுதித் தரும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு அது. எந்தச் செயல்பாடு எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரி வரியாக இருக்கும். மேலே சொன்ன தமிழ்ச் செய்திகள் ரேமை விழுங்கும் கதை அதில் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒரு தசம எண்ணை அச்சிட வேண்டும் என்பதற்காக எத்தனை நூறு பைட் நூலகம் உள்ளே நுழைந்தது என்பதும் தெரியும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் மேப் கோப்பைத் திறந்து வைத்து "இதில் எதைக் குறைக்கலாம்?" என்று கேட்பதுண்டு. பதிலைவிட, எந்த இடத்துக்குக் கண் போகிறது என்பதே போதும்.

அடுத்தது டீபக்கர். ஓடும் சிப்பை நிறுத்தி, உள்ளே பார்க்கும் வசதி. ஆர்ம் சிப்களில் எஸ்டபிள்யூடி என்ற இரண்டு கம்பிகள் போதும். பழைய ஊனோவில் இது எளிதாகக் கிடைக்காது. அதனால்தான் கற்பவருக்கு எஸ்டிஎம்32 நியூக்ளியோ போர்டைச் சொல்கிறேன், எஸ்டி-லிங்க் டீபக்கர் அதிலேயே இருக்கிறது. இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டுகளாக இரண்டு வாங்குங்கள். ஒன்றில் உங்கள் புரோகிராம், மற்றொன்று அதற்கு டீபக்கர். இரண்டும் சேர்ந்தும் பெரிய செலவு இல்லை. பிக்கோவில் 264 கிலோபைட் ரேம் இருப்பதால் ரேம் நெருக்கடியை அது கற்றுத்தராது என்பது மட்டும் குறை.

ஆனால் மோட்டார் ஓடும்போது பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தாதீர்கள். சிப் நின்றாலும் வெளியே போகும் சிக்னல் கடைசி நிலையிலேயே உறைந்திருக்கும். ரிலே ஒட்டிய நிலையிலேயே இருக்கும், இன்வெர்ட்டராக இருந்தால் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் புகைந்துவிடும். அங்கே உதவுவது ஒரு வெறும் பின்னும் லாஜிக் அனலைசரும். சந்தேகமுள்ள செயல்பாடு தொடங்கும்போது பின்னை உயர்த்தி, முடியும்போது இறக்குங்கள். எட்டுச் சானல் கொண்ட மலிவான அனலைசரும் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளும் இருந்தால், எந்த வேலை எவ்வளவு மைக்ரோசெகண்ட் எடுக்கிறது என்பது படமாகத் தெரியும். சென்சாரோடு நடக்கும் பேச்சையும் அது எழுத்தாக மாற்றிக் காட்டும்.

ஆஸிலாஸ்கோப் உடனே வாங்க வேண்டியதில்லை, கல்லூரியில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது இல்லாமல் தீராத பிழைகள் உண்டு. மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் சிப் ரீசெட் ஆகிறது என்ற புகார் வந்தால், புரோகிராமை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டரின் காயில் விடுபடும்போது எழும் மின் துடிப்பு சிப்பின் சப்ளைக்குள் நுழைகிறது. அதைத் திரையில் பார்த்த பிறகு மருந்து ஒரு மின்தடையும் ஒரு கெப்பாசிட்டரும்தான். சப்ளை தாழ்ந்தால் சிப்பை ரீசெட்டிலேயே பிடித்து வைக்கும் பிரௌன்-அவுட் வசதியையும் இயக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈப்ராமில் இருப்பது கெடும். ஒரு எச்சரிக்கை: 415 வோல்ட் பக்கத்தில் சாதாரண புரோபை நீட்டாதீர்கள். அதன் கிரவுண்ட் கிளிப் நேராக எர்த்தோடு இணைந்தது. அந்த வேலைக்கு வேறு புரோப் இருக்கிறது. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஆர்டிஓஎஸ், அதாவது பல வேலைகளை நேரம் தவறாமல் மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம், எப்போது வேண்டும்? பெட்டி ஒரே நேரத்தில் மோடத்தோடு பேசி, டிஸ்ப்ளே எழுதி, மின்னோட்டமும் அளக்க வேண்டும் என்றால் வேலைகளைப் பிரித்துக்கொடுக்க ஃப்ரீஆர்டிஓஎஸ் உதவும். ரிச்சர்ட் பேரி 2003 வாக்கில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஆனால் வேலைகளைப் பிரித்ததும் புது வகைப் பிழைகள் வரும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் அங்கே போய் அடிக்கடி ரீசெட் ஆனது. முக்கியத்துவம் குறைந்த வானிலை வேலை ஒரு பூட்டைப் பிடித்து வைத்திருக்க, அதற்காக மிக முக்கியமான வேலை காத்துக் கிடந்தது. நடுத்தர வேலை குறுக்கே புகுந்து ஓடியது. முக்கியமான வேலை நேரத்துக்கு முடியாததால் கலம் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. பூமியில் இருந்த அதே மாதிரி கருவியில் நிகழ்வுகளைப் பதிவு செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். திருத்தம், அந்தப் பூட்டில் ஒரு அமைப்பை இயக்குவது மட்டுமே. முதலில் ஒரே வளையமும் இன்டரப்டுமாக ஒரு பெட்டியை ஒழுங்காக எழுதிவிட்டு, பிறகு ஆர்டிஓஎஸ்ஸுக்குப் போங்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை தேடினால் பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) விளம்பரங்கள் நிறைய வரும். அங்கே மொழி லேடர், ரிலே வரைபடம் போலவே இருக்கும். அதை ஏளனம் செய்ய வேண்டாம். ஆலைக்குள் எலக்ட்ரீஷியனே படித்துத் திருத்த முடியும் என்பது அதன் பலம். ஆனால் அது வேறு தொழில், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏஐ எழுதித்தரும் புரோகிராமைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பயன்படுத்துங்கள். ஆனால் இல்லாத ரெஜிஸ்டர் பெயரையும் அது நம்பிக்கையோடு எழுதும். சிப்பின் டேட்டாஷீட்டையும், அந்த சிப்பிலேயே இருக்கும் குறைகளைத் தயாரிப்பாளரே ஒப்புக்கொள்ளும் எர்ராட்டா தாளையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

பயிற்சிக்கு எல்இடி மினுக்குவதோடு நிற்காமல், உங்கள் ஊரிலேயே இருக்கும் வேலையை எடுங்கள்: தொட்டி நிரம்பினால் நிறுத்தும், தண்ணீர் இல்லையென்றால் நிறுத்தும் பெட்டி. மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பு, பேட்டரி சப்ளை. மின்சாரம் எந்த நொடியில் போனாலும் சரியான நிலையில் திரும்ப வருகிறதா என்று சப்ளையைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதியுங்கள். போர்டு கைக்கு வரும்வரை வோக்வி என்ற இணைய சிமுலேட்டரில் தொடங்கலாம்.

லேப்டாப் கேள்விக்கு: பழையதே போதும். 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் போட்டு, ஜிசிசி, ஜிடிபி, ஒரு எளிய எடிட்டர் வைத்து எல்லாம் செய்யலாம். தயாரிப்பாளர்கள் தரும் பெரிய மென்பொருள் தொகுப்புகள் மட்டும் அதில் மூச்சு வாங்கும். வாங்கும் பட்டியலில் ஒரு நல்ல யூஎஸ்பி கேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்வதற்கென்று வரும் சில கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், லேப்டாப்புக்கு மட்டும் அது கண்ணில் படாது.